மூடுவதற்கு முன் திறக்க வேண்டிய புண்

வந்தவாசிக்குப் பக்கத்து ஊரொன்றில் சைக்கிள் கடை வைத்திருந்த நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவருக்கு, க்ஷயரோகத்தால் தேன்கூடு போலப் பொத்தலாகிவிட்ட வலது நுரையீரலை முழுவதுமாக எடுத்துவிட்டு, இனி அபாயம் நீங்கியது என்று நாங்கள் எல்லோரும் சற்றே நிம்மதி கொண்டிருந்த பதினோராம் நாள் இரவில், அவர் திடீரென்று இருமத் தொடங்கி, விடிவதற்குள் ஒரு பேசின் நிறைய உப்புக் கரிக்கும் பழுப்பு நீரைக் கக்கிவிட்டார். காலையில் எடுத்த எக்ஸ்ரேயில், முந்தின நாள் வரை ஒழுங்காக ஏறி வந்திருந்த நீர்மட்டம் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. துண்டித்த மூச்சுக்குழாயின் முனையில் நாங்கள் இட்ட தையல் விட்டுப்போயிற்று என்பதற்கு அதற்குமேல் சாட்சியம் தேவையில்லை. அந்தத் தையலை இட்டவன் நானே ஆகையால், நடந்ததை அவரிடம் எடுத்துச் சொல்லும் கடமையும் என்னைச் சார்ந்தது.

அறுவையன்று தையல் போட்டு முடித்ததும் மார்பறையில் உப்புநீரை நிரப்பி, மயக்கமருந்து நிபுணரைக் காற்றை அழுத்திக் கொடுக்கச் சொல்லி, தையல் முனையில் குமிழி எழுகிறதா என்று பார்த்தோம், ஒரு குமிழியும் எழவில்லை என்று நான் தயங்கித் தயங்கி விளக்கியபோது, அவர் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு சிரிப்புத் தெரிந்தது. அவர் முப்பது வருஷமாகச் சைக்கிள் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிச் செய்துவந்த காரியத்தைத்தான் நாங்களும் செய்திருக்கிறோம். “அப்ப அன்னிக்குப் பஞ்சர் இல்லே சார். பின்னாடிதான் ஒட்டு விட்டுக்கிச்சு” என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அழுக்கு எடத்துலே ஒட்டுப் போட்டா நிக்காது சார். உப்புத்தாள் போட்டுத் தேச்சி, சொல்யூஷன் தடவி, காயவுட்டுதான் ஒட்டணும். ஈரத்தோட ஒட்டறவன் மறுநாள் திரும்பி வருவான்” என்றார். மார்பறை சஸ்திர சிகிச்சையில் நூறு வருஷத்து அனுபவமும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதற்கு மேலே அதிகம் சொல்லிவிடவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவசரப்பட்டு மறுபடியும் திறந்து மறுபடியும் தைத்துவிடலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படித் தையல் விட்டு உண்டாகும் திறப்புக்கு வைத்தியத்தில் வழங்கும் பிஸ்டுலா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்குப் பவுத்திரம்தான் நினைவுக்கு வரும். ஆயுர்வேத நூலார் நாடீ விரணம் என்று வகுத்த புரையோடும் புண்களைப் பற்றி நம் நாட்டில் வெகுகாலமாகவே ஞானம் உண்டு. ஆனால் மூச்சுக்குழாய்க்கும் மார்பறைக்கும் நடுவே திறந்துகொள்ளும் இந்தப் புரை, மனிதன் நுரையீரலை அறுத்தெடுக்கத் துணிந்த பிறகே பெரும்பாலும் தோன்றிய ஒன்று. நுரையீரலை எடுத்த பிறகு அந்த இடம் வெறும் பானை போல் காலியாகக் கிடப்பதில்லை. உதரவிதானம் மேலே எழுகிறது, விலாவெலும்புகள் நெருங்குகின்றன, இருதயம் அந்தப் பக்கமாகச் சற்று நகர்ந்து வருகிறது, எஞ்சிய இடத்தில் நாளுக்கு நாள் நீர் ஊறி நிரம்புகிறது. இந்த நீர் சுத்தமாக இருக்கும் வரையில் அது காவல். குழாய் முனை விட்டுப்போனாலோ, அதே நீர் மறுபக்கத்து நல்ல நுரையீரலுக்குள் பாய்ந்து, மனிதனை அவனுடைய கட்டிலிலேயே மூழ்கடிக்கும் சத்துருவாக மாறிவிடுகிறது. ஆகையால்தான், இப்படி ஒருவர் இருமத் தொடங்கிய க்ஷணத்தில், டாக்டர் வருவதற்கு முன்பே, பக்கத்தில் இருக்கும் நர்ஸ் அவரை அறுவை செய்த பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட வேண்டும். அதன்பின் மார்பில் டியூபைச் செருகி நீரை வடித்தாக வேண்டும். அன்றிரவு எங்கள் வார்டில் பணியிலிருந்த சிஸ்டர் அதைச் செய்ததனால்தான் சைக்கிள் கடைக்காரர் உயிரோடு இருந்தார்; நான் வந்து சேர்ந்தது முக்கால் மணி நேரம் கழித்து.

வலப்பக்கம் இடப்பக்கத்தை விட இந்த விபரீதத்துக்கு அதிகம் இடங்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வலது மூச்சுக்குழாய் குட்டையாகவும் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், துண்டித்த முனை மார்பறைக்குள் துருத்திக்கொண்டு போர்வையில்லாமல் நிற்கிறது. இடது முனையோ மகாநாடியின் வளைவுக்கு அடியில் உள்வாங்கி, சுற்றியுள்ள மெல்லிய திசுக்களின் நிழலில் பதுங்கிக்கொள்கிறது. வலப்பக்கத்துக் குழாய்க்கு வரும் ரத்த ஓட்டமும் குறைவு. இதனோடு நீரிழிவு, உடல் மெலிவு, முன்னரே கொடுத்த கதிர்வீச்சு, கபத்தில் இன்னும் ஒழியாத கிருமி, அறுவைக்குப் பின் வென்டிலேட்டரில் நெடுநேரம் இருத்தல், குழாயைச் சுற்றி அளவுக்கு மீறிச் சுரண்டிவிட்ட சஸ்திர வைத்தியரின் கை ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகிறது. நுரையீரலில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே நேருவது, ஒரு பக்கம் முழுவதையும் எடுக்கும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு முதல் இருபது வரையிலும் கூட நேர்ந்திருப்பதாக மருத்துவ நூல்களில் பலவாறு எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவு அகன்ற வித்தியாசமே, இது ஒருவருடைய கைத்திறமையை மாத்திரம் பொறுத்த விஷயமன்று என்பதைக் காட்டும். முதல் சில நாட்களில் விட்டுப்போகும் தையலுக்குக் கைதான் பெரும்பாலும் பொறுப்பு. வாரங்கள் கழித்து விடும் தையலுக்கு நோயாளியின் சதையும் ரத்தமும் பொறுப்பு. இந்த வித்தியாசத்தை அறியாமல் உறவினர்கள் டாக்டரை அடிக்கப் போவதும், டாக்டர் அதையே சாக்காகக் கொண்டு ஒன்றும் சொல்லாமல் மழுப்புவதும் நம் ஆஸ்பத்திரிகளில் ஒருங்கே நடந்துவருகின்றன.

சரித்திரத்தைப் பார்த்தாலும், இந்தத் துறையை ஸ்தாபித்தவர்கள் முதலில் கற்றது பொறுமையைத்தான். 1918-ஆம் வருஷம் அமெரிக்க ராணுவ முகாம்களில் நிமோனியாவைத் தொடர்ந்து மார்பில் சீழ் கட்டி வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, அதை விசாரிக்க நியமிக்கப்பட்ட குழுவில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சஸ்திர வைத்தியர் இருந்தார். சீழைக் கண்டதும் விலாவைத் திறந்துவிட வேண்டும் என்பது அன்றைய சம்பிரதாயம். சீழ் இன்னும் நீர்த்திருக்கையில், நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொள்வதற்கு முன்னர், அப்படித் திறந்தால் காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கி, இருதயமும் நடுமார்பும் ஊஞ்சல் போல் ஆடி மனிதன் சாகிறான் என்பதை அவர் சோதித்துக் காட்டினார். முதலில் மூடிய குழாயால் வடி, ஒட்டுதல் உண்டான பிறகு திற என்ற அந்த எளிய மாறுதலால், நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்தத் தொகை ஐந்துக்குள் இறங்கிற்று. புது மருந்தோ புது யந்திரமோ அங்கே இல்லை. எப்போது திறப்பது என்ற காலக்கணக்கு ஒன்றுதான் மாறியது.

அதே கிரஹாம்தான் 1933 ஏப்ரல் 5-ஆம் தேதி செயின்ட் லூயி நகரத்து பார்ன்ஸ் ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை ஒரே அறுவையில் எடுத்து வெற்றி கண்டவர். நோயாளி ஜேம்ஸ் கில்மோர் தாமே ஒரு பிரசவ டாக்டர். கல்லறைக்கு இடம் வாங்கி வைத்துவிட்டு அறுவைக்கு வந்தவர். நுரையீரலை எடுத்த பிறகு மிஞ்சும் வெற்றிடத்தைக் கண்டு கிரஹாம் எவ்வளவு அஞ்சினார் என்பதற்கு, அதே மேஜையில் அவர் விலாவெலும்புகள் பலவற்றையும் எடுத்து மார்புச் சுவரையே உள்ளே சரியவிட்டதே அத்தாட்சி. குழாய் முனையையும் வெற்றிடத்தையும் பற்றிய பயம் ஆரம்ப நாளிலிருந்தே இந்தத் துறையின் கூடப்பிறந்தது. கில்மோர் பிழைத்துத் தம் தொழிலுக்குத் திரும்பியதோடு, தமக்கு அறுவை செய்தவருக்குப் பின்னரும் பல வருஷம் ஜீவித்தார். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை 1950-இல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து வெளியிட்ட கிரஹாம், வெகுகாலம் சிகரெட் பிடித்த பாவத்துக்கு 1957-இல் அந்த நோயாலேயே மாண்டார்.

திறந்து வைப்பதையே ஒரு சிகிச்சையாக்கியவர்களில் லியோ எலோசர் விசேஷமானவர். ஸான் பிரான்ஸிஸ்கோவில் இருந்த இந்த டாக்டர், க்ஷயரோகச் சீழுக்காக 1935-இல் ஓர் உபாயத்தை வெளியிட்டார்: விலாவெலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, மேல் தோலையே நாக்கு போல வெட்டி உள்ளே மடித்துத் தைத்துவிடுவது. தோல் உள்வரை போவதால் வாய் தானாக மூடிக்கொள்ளாது. சீழ் வெளியேறும் வழி அடைபடாது. ஓவியர் ஃப்ரீடா காலோ தீட்டிய எலோசரின் உருவப்படத்தைப் பார்ப்பவர்களுக்கு, பாய்மரக் கப்பல் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குள்ளமான மனிதர், மார்பில் ஜன்னல் வைத்தவர் என்பது தெரிய நியாயமில்லை. பிறகு 1963-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கிளாகெட்டும் ஜெராசியும், நுரையீரல் எடுத்த பின் மார்பில் சீழ் கட்டியவர்களுக்கு ஜன்னல் வைத்து, வாரக்கணக்கில் கட்டு மாற்றி அறையைச் சுத்தம் செய்து, கடைசியில் அதைக் கிருமிநாசினி மருந்து கலந்த நீரால் நிரப்பி மூடும் முறையைச் சொன்னார்கள். புரையும் சேர்ந்திருந்தால் அதன்மேல் உயிருள்ள தசையைக் கொண்டுவந்து போர்த்த வேண்டும் என்பதை அந்த ஆஸ்பத்திரியின் பின்வந்த வைத்தியர்கள் சேர்த்துக்கொண்டார்கள். உப்புத்தாள், சொல்யூஷன், காயவிடுதல், பேட்ச் என்ற வரிசையில் இதில் எதுவும் தவறவில்லை என்பதை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

சோவியத் நாட்டார் வேறொரு வழியும் கண்டார்கள். க்ஷயரோகத்துக்காக அங்கே நுரையீரல் அறுவைகள் ஏராளமாக நடந்ததனால் புரைகளும் மலிந்திருந்தன. அவற்றைச் சமாளிக்கும் சாமர்த்தியமும் அதற்கேற்ப வளர்ந்தது. சீழ் நிறைந்த பக்கத்தின் வழியே போனால்தானே அழுக்கில் ஒட்டுப் போடுவதாகும்? மார்பெலும்பை நடுவே பிளந்து, இருதய உறையைத் திறந்து, மகாநாடிக்கும் பெருஞ்சிரைக்கும் இடையே புகுந்து, இதுவரை யார் கையும் படாத சுத்தமான பூமியில் மூச்சுக்குழாயின் முனையை மீண்டும் துண்டித்து மூடுவது என்பது அந்த வழி. இத்தாலியில் அப்ருஸ்ஸினியும் மாஸ்கோவில் போகுஷ், பெரெல்மன் முதலியவர்களும் 1960-களில் இதை வளர்த்தார்கள். முனை சற்று நீளமாக விடப்பட்டிருந்தால்தான் இது சாத்தியம். வீட்டுக்கு நேர் வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொல்லைப்புறமாக நுழைகிற புத்தி போலத் தோன்றினாலும், பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே கத்தி பிடிப்பதற்கு வேண்டிய தைரியம் சாமானியமானதல்ல. மூச்சுக்குழாயை வரிசையாக ஊசி தைத்து மூடும் ஸ்டேப்ளர் கருவியும் அங்கே பிரபலமாகி, 1958-இல் கீவ் நகரில் அமோசவ் அதைக் கையாண்டதை நேரில் பார்த்த அமெரிக்கர் மார்க் ராவிட்ச் மூலமாகத்தான் மேல்நாடுகளில் பரவிற்று. இன்று ஒரு பெட்டி ஸ்டேப்ளர் ஊசிக்கு நம் ஆஸ்பத்திரிகள் கொடுக்கும் விலையைக் கேட்டால் அமோசவே அதிசயிப்பார்.

இந்த உபாயங்களையெல்லாம் சொல்வது, சிகிச்சை முறைகளின் ஜாபிதாவைக் காட்டுவதற்கல்ல. சமீப காலத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியை விட்டு, பசை ஊற்றியும், ஒருவழி வால்வு வைத்தும், இருதயத்து ஓட்டையை அடைக்கப் பிறந்த குடை போன்ற அடைப்பானை இங்கே பொருத்தியும் சிறு புரைகளை மூடிவிடுகிறார்கள். அரிசியளவு துவாரத்துக்கு அவை நன்மையே. வயோதிகத்தாலோ பலவீனத்தாலோ பெரிய அறுவையைத் தாங்காதவர்களுக்கு அவை வரப்பிரசாதம். ஆனால் சுண்டுவிரல் நுழையும் துவாரத்தையும் சீழ் நிரம்பிய அறையையும் கண்ட பிறகும், மூன்று லட்சத்துச் சாமானால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும் என்று குடும்பத்தை நம்பவைப்பது, ஈர டியூபில் பேட்ச் ஒட்டும் வியாபாரம். எந்தக் கருவியும் சீழை உலர்த்தாது. எங்கள் சீஃப், மறுநாளே திறந்து தைக்கலாம் என்று நான் துடித்தபோது, “முதல் வாரமாக இருந்து, அறை சுத்தமாக இருந்து, ஆளும் தெம்பாக இருந்தால் உன்னோடு நானும் கை கழுவிக்கொண்டு வருவேன். இப்போது அவன் முப்பத்தெட்டு கிலோ இருக்கிறான். தையலைப் பிடித்துக்கொள்ள அவனிடம் சதை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். மூன்று வாரம் டியூப், அதன்பின் ஜன்னல் என்று தீர்மானமாயிற்று.

அக்குளுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு விலாவெலும்புத் துண்டுகளை எடுத்து வைத்த அந்த ஜன்னலை, முதன்முதலாக அவருடைய மனைவி பார்த்த நாள் எனக்கு மறக்கவில்லை. டார்ச் விளக்கை அடித்து, நனைத்த காஸ் துணிகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தால், உள்ளே ஒரு சின்ன அறை. அதன் பின்சுவரில் இருதயத்தின் துடிப்புத் தெரிகிறது. மேலே ஒரு மூலையில் மிளகளவு கருமை. ஒரு காஸ் நூலை அதன் முன்னால் பிடித்தால் அவர் மூச்சு விடும்போதெல்லாம் நூல் ஆடுகிறது. கட்டைப் பிரித்திருக்கும்போது பேச வேண்டுமானால் அவர் உள்ளங்கையால் ஜன்னலைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். இல்லாவிட்டால் குரல் பாதியிலேயே விலா வழியாகப் போய்விடும். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சிஸ்டரிடம், “எத்தினி துணி உள்ளே போச்சுன்னு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார். நாற்பது வருஷ சர்வீஸில் அதைவிட முக்கியமான கேள்வியை ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. உள்ளே மறந்துபோன ஒரு துண்டுத் துணி, மாதக்கணக்கான வேலையைக் கெடுத்துவிடும்.

அன்று முதல் பதினான்கு மாதம், நாள் தவறாமல் அந்த அம்மாள்தான் கட்டு மாற்றினார். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். இந்த நோயில் கத்தி வேலை செய்வது மொத்தமாக நாலைந்து மணி நேரம். மற்றதெல்லாம் துணி, உப்புநீர், முட்டை, பால், மூச்சுப் பயிற்சி, சர்க்கரை அளவு, காத்திருத்தல். இந்த மற்றதற்கு நம் சர்க்காரிலும் இன்ஷ்யூரன்ஸிலும் கணக்குத் தலைப்பே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள் முதல் அனுப்பும் நாள் வரை இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டுப்பணம் கொடுக்கும் ஏற்பாடு, குடல்வாலுக்கும் கண்புரைக்கும் பொருந்தும். மார்பில் ஜன்னலோடு வீட்டுக்குப் போகிறவரின் வைத்தியமோ, டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்தான பிறகுதான் ஆரம்பமாகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் கட்டு இலவசம் என்பது வாஸ்தவம். வந்துபோக இரண்டு பஸ், ஒரு நாள் கூலி, கூட வரும் ஆளுடைய ஒரு நாள் கூலி என்பதும் வாஸ்தவம். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் காஸும் பெட்டாடினும் வாங்கி வீட்டிலேயே சமாளிக்கிறார்கள்; பணம் முட்டும்போது நாள் விட்டு நாள், பிறகு வாரம் ஒரு முறை என்று ஆகிறது. அறை மறுபடியும் நாற ஆரம்பிக்கிறது. அவர்களில் பலரை நாங்கள் மறுபடியும் பார்ப்பதேயில்லை.

ஆகாரத்தைப் பற்றி நான் பேசினால், படித்தவர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். 1956-இல் சென்னையில் ஆரம்பமான காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் பாக்ஸ் முதலியவர்களைக் கொண்டு நடத்திய புகழ்பெற்ற பரிசோதனையில், சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், நகரத்துக் குடிசைகளில் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டுக்கொண்டு மருந்து மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கும் குணமாவதில் பெரிய பேதமில்லை என்று கண்டார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகமெங்கும் சானடோரியங்களின் கதவுகளைச் சாத்திவிட்டது. இன்று தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலருக்கு, 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே எதற்காகக் காற்றோட்டமான விடுதிகளை ஏற்படுத்தினார் என்பது தெரியாது. அந்தப் பரிசோதனையின் பெருமையில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. நம் ஊரிலிருந்து உலகுக்குச் சென்ற மகத்தான உபகாரங்களில் அது ஒன்று. ஆனால் அது நிரூபித்தது கிருமியை மருந்து கொல்லும் என்பதை. கிருமி செத்த பிறகு மிஞ்சும் ஓட்டையைச் சதைதான் மூட வேண்டும். சதையை எந்த மாத்திரையும் உண்டாக்குவதில்லை. அதுவும், சீழோடு சீழாகத் தினந்தோறும் புரதச் சத்தை இழந்துகொண்டிருக்கும் சரீரத்தில்! கிருமிக்குச் சொன்ன தீர்ப்பை ஓட்டைக்கும் சொல்லிவிட்டதுதான் நாம் செய்த பிசகு.

காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்து, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் மருந்துச் சிகிச்சை நடக்கும் மாதங்களுக்குத்தான் அது உரியது. சைக்கிள் கடைக்காரரைப் போல, மருந்து முடிந்து, நோய் குணமாகிவிட்டது என்று ஏட்டில் எழுதப்பட்டு, கெட்டுப்போன நுரையீரலோடும் பிறகு திறந்த மார்போடும் திரிகிறவர் அந்த ஏட்டின்படி ஆரோக்கியசாலி. அவருக்கு ஒரு முட்டைக்கும் உரிமையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் அளிக்கிறது. அந்தப் பையில் ஒரு கட்டு காஸையும் இரண்டு பாட்டில் உப்புநீரையும் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய கட்டிடம் வேண்டாம். ஜில்லாவுக்குச் சிலரே இருப்பார்கள், செலவும் அற்பம். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு செவிலியருக்கேனும் மார்பு ஜன்னலைக் கட்டிப் பழக்கிவிட்டால், பாதிப் பிரயாணம் மிச்சமாகும். இன்ஷ்யூரன்ஸ் கணக்கில் முதல் அறுவைக்கும் கடைசி அறுவைக்கும் இடைப்பட்ட காலத்தையும் சிகிச்சை என்று எண்ணி ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் வைத்தியத்தை நான்காகப் பிரித்தபோது, நோயாளி, வைத்தியன், மருந்து இம்மூன்றோடு அருகிருந்து பணி செய்பவனையும் சரியாசனத்தில் உட்கார வைத்தார். நம்முடைய பட்ஜெட்டில் முதல் மூவரே இருக்கிறார்கள்.

சஸ்திர வைத்தியர்களாகிய எங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலூரில் 1949-இல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் மார்பறை அறுவைக்கென இந்தியாவின் முதல் தனித்துறையை ஆரம்பித்ததிலிருந்து நம் நாட்டில் இந்த வித்தை வெகுவாக வளர்ந்துவிட்டது. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும்போது, தையல் விடக்கூடும், விட்டால் மாதக்கணக்கில் மார்பைத் திறந்து வைக்க நேரும் என்பதைத் தமிழில், உட்கார்ந்து, வீட்டில் கட்டு மாற்றப்போகிற ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லும் வழக்கம் மட்டும் அதற்கேற்ப வளரவில்லை. வலது முனையை வெறுமனே விடாமல், விலாவிடைத் தசையையோ இருதய உறைக் கொழுப்பையோ கொண்டு முதல் நாளே போர்த்திவிடுவதற்குக் கூடுதலாக அரைமணி நேரம்தான் பிடிக்கும். அன்று நான் அதைச் செய்யவில்லை. ரத்தம் நிறையப் போயிருந்தது, மயக்கமருந்து டாக்டர் அவசரப்படுத்தினார் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதினான்காம் மாதம் சைக்கிள் கடைக்காரருடைய எடை நாற்பத்தொன்பது கிலோ. ஜன்னலின் உட்புறம் செக்கச்செவேலென்று சுத்தமாக இருந்தது. புரை ஒடுங்கியிருந்ததே தவிர மூடவில்லை. சீஃபும் நானுமாக, வயிற்றுக்குள் குடலின்மேல் திரை போல் தொங்கும் கொழுப்புப் படலத்தை, வைதிக யாகங்களில் வபை என்று பேர் பெற்ற அதே வஸ்துவை, அதன் ரத்தக்குழாயோடு மேலே கொண்டுவந்து துவாரத்தின்மேல் பொருத்தித் தைத்து, மிச்ச இடத்தை மார்புத் தசையால் நிரப்பி மூடினோம். உப்புநீர் ஊற்றிக் குமிழி பார்த்தோம். இந்த முறை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

தையல் பிரித்து அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று, அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு நீண்ட கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். சைக்கிள் கடையின் வரவு செலவு நோட்டு. கட்டு மாற்றிய ஒவ்வொரு நாளும் உள்ளே வைத்த துணியைச் செலவுப் பத்தியிலும், வெளியே எடுத்த துணியை வரவுப் பத்தியிலும் எழுதியிருந்தார். செலவு 5, வரவு 5. செலவு 4, வரவு 4. ஓரிடத்தில் வரவு 3 என்று எழுதி, அடித்து, கீழே சிவப்பு மையில் 4 என்று போட்டிருந்தது. அந்த ராத்திரி டார்ச் பேட்டரி தீர்ந்துபோய், பக்கத்து வீட்டில் விளக்கு வாங்கி வந்து மறுபடியும் தேடி எடுத்தாராம். கடைசிப் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிக்கு நேரே, வரவு 4 என்று மட்டும் இருந்தது. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் தயங்கினார். கணவர்தான், பொத்திக்கொள்ள வேண்டிய அவசியம் போய்விட்ட போதிலும் பழக்கத்தால் விலாவில் கையை வைத்துக்கொண்டு, “அது முடியாது சார். பின்பக்கத்திலே ஊராருக்குக் கொடுத்த கடன் பூரா எழுதியிருக்கு” என்றார்.